அரைப்புள்ளி அப்பத்தா

ஊர் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ராத்திரி அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் கணக்கைப் போட்டிருந்தார்கள். வரி கட்டியவர்கள் பட்டியலில் என் பெயருக்கு நேராக ஒரு பச்சை டிக். சென்னையில் உட்கார்ந்தபடி ஜிபேயில் தட்டிவிட்ட பணம். திருவிழாவுக்குப் போனாயா என்று கேட்காதீர்கள். வரி கட்டினேன், அவ்வளவுதான்.

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் வரி என்பது புள்ளிக் கணக்கு. கல்யாணமான ஆம்பளை ஒரு புள்ளி. புருஷனை இழந்து தனியாக இருக்கும் பொம்பளை அரைப்புள்ளி. என் அப்பத்தா அரைப்புள்ளி. பாதி வரிதானே, நல்லதுதானே என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். கிடாக்கறியைக் கூறு போட்டுப் பிரிக்கும்போதுதான் விஷயம் புரிந்தது. வரியில் பாதி, பங்கிலும் பாதி, ஊர்க் கூட்டத்தில் பேசுவதற்கு மட்டும் கால்வாசிகூடக் கிடையாது.

ஆனால் அந்த அரைப்புள்ளி இல்லாமல் எங்கள் தெருவில் முளைப்பாரி கிடையாது. செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினால் அடுத்த செவ்வாய் பொங்கல். அதற்குள் பயிர் ஒரு முழம் வளர்ந்து நிற்க வேண்டும். ஆட்டுப்புழுக்கை பொறுக்கி வருவது எங்களைப் போன்ற பொடியன்களின் வேலை. கண்மாய்க் கரம்பையோடு அதைக் கலந்து சட்டியில் பரப்பி, ஊறவைத்த தட்டாம்பயறும் மொச்சையும் தூவி, மேலே வைக்கோல் போட்டு, ஜன்னலைச் சாக்கால் அடைத்த இருட்டு வீட்டில் வைப்பாள். எட்டிப் பார்க்கப் போனால் வசவுதான். 'வெளிச்சம் பட்டா பச்சையாகி குட்டையா நின்னுரும்டா!' இருட்டில் வெளிச்சத்தைத் தேடித்தான் தண்டு நீளுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது, டீச்சருக்கு முன்பே எனக்குப் பதில் தெரியும். சாயங்காலம் அந்த வெளிர் மஞ்சள் பயிர்களை நடுவில் வைத்துக் கும்மி. யார் வீட்டுச் சட்டி உயரம் என்று சண்டையும் உண்டு.

கடைசி நாள் நாடகம். மத்தியானமே பாயை விரித்து இடம் பிடிப்போம். வள்ளி தினைப்புனத்துக்கு வருவதற்குள் நான் தூங்கிப் போயிருப்பேன். ஒரு வருஷம்கூட வள்ளிக்குக் கல்யாணம் ஆனதை நான் பார்த்ததில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்து மணிக்கு ஒலிபெருக்கி அடங்க வேண்டும். எங்கள் நாடகம் தொடங்குவதே பத்து மணிக்கு! இப்போது நாடகத்துக்குப் பதில் சாயங்காலமே ஆர்கெஸ்ட்ரா, பிளாஸ்டிக் நாற்காலி. முளைப்பாரிக்கு ஆர்டர் கொடுத்தால் வளர்ந்த சட்டியாகவே வேனில் வந்து இறங்குகிறது.

இதற்கு ஆளாளுக்கு செல்போனைத் திட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்களுடையது கண்மாய்ப் பாசனம், ஒரு போகம். தை, மாசியில் அறுப்பு முடிந்தால் பங்குனியில் கை சும்மா இருக்கும், குதிரில் நெல்லும் இருக்கும். காப்புக் கட்டியபின் வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அன்றைக்கு யாருக்கும் பாரமாக இல்லை. இப்போது வயலில் பாதி சீமைக்கருவேலம். பையன்கள் திருப்பூரில். பனியன் கம்பெனியில் எட்டு நாள் லீவு யார் கொடுப்பார்? ஆள் வர முடியவில்லை, ஆளுக்குப் பதில் பணம் வருகிறது. நான் அனுப்பியதும் அதே கணக்குதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று வந்த பட்டியலை இரண்டு தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். அரைப்புள்ளி என்று ஒரு பெயரும் இல்லை. எல்லோருக்கும் ஒரே தொகை. அத்தைக்குப் போன் போட்டேன். மாமா தவறி மூன்று வருஷம் ஆகிறது, நூறு நாள் வேலைக்குப் போகிறவர்.

"முழு வரி வாங்கிட்டாங்களாமே அத்தை, கஷ்டமா இல்லையா?"

"கறியும் முழுப் பங்கு வந்துச்சுடா" என்றார்.