.222 ரெமிங்டன்: மூத்தது எது, இளையது எது?

“.222 ரெமிங்டன், ராணுவத் தோட்டாவான .223-ஐக் குறுக்கிச் செய்த நகல்; இன்று யாருக்கும் பயனில்லை” என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இரண்டு பாதியும் தவறு.

.222 பிறந்தது 1950-ல். ரெமிங்டன் நிறுவனத்தின் மைக் வாக்கர், பழைய தோட்டா உறை (வெடிமருந்து அடங்கும் உலோகக் கூடு) எதையும் வெட்டி ஒட்டாமல், புதிதாகவே இதை வடிவமைத்தார். பயிரைப் பாழாக்கும் சிறு விலங்குகளைத் தொலைவிலிருந்து சுடுவதே நோக்கம். 1950-களின் இறுதியில், 500 கெஜத்தில் எஃகுத் தலைக்கவசத்தைத் துளைக்க வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் கேட்டது. அதற்கு .222-ன் வெடிமருந்து போதவில்லை, உறையை 43.2 மி.மீ.-லிருந்து 44.7 மி.மீ. ஆக நீட்டினார்கள். அதுதான் .223. நகல் என்று சொல்லத்தான் வேண்டுமானால், அந்தப் பெயர் இளையதற்கே பொருந்தும்.

பயனில்லை என்பது இன்னும் பெரிய அநியாயம். 1970-களின் நடுவில் 6 மி.மீ. பி.பி.சி. (PPC) என்ற தோட்டா வரும்வரை, துல்லியப் போட்டிகளில் கோலோச்சியது .222 தான். குண்டை நேராகப் பிடித்து நிறுத்தும், உறையின் நீண்ட கழுத்து, மென்மையான உதைப்பு, குழலுக்குக் குறைந்த தேய்மானம்: இவை இன்றும் மாறவில்லை. 3.2 கிராம் குண்டை நொடிக்குச் சுமார் 950 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் பலர் இதைக் கைவிடவில்லை. தோட்டாக்களும் தொடர்ந்து தயாராகின்றன.

உறவு நெருக்கமானது என்பதற்காக ஒன்றின் துப்பாக்கியில் மற்றொன்றைச் சுடக்கூடாது. உறையின் அளவுகள் வேறு.