அரிசிக்குள் போட வேண்டாம்

நனைந்த போனை உலர்த்த அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்லி உங்கள் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த வரியை மாற்றுங்கள். ஐபோனை அரிசியில் வைக்காதீர்கள், துகள்கள் உள்ளே போய்ப் பழுதாக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் சொல்லிவிட்டது.

நாங்கள் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம். மழை நாளில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் அம்மா, போனைச் சொப்பிங் பேக்கில் சுற்றி இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குக்குள் செருகிக்கொள்வார். போன ஜூனில் பை கிழிந்து தண்ணீர் புகுந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் தம்பி அவசரப்பட்டுச் சார்ஜில் போட்டான். அதுதான் கெடுத்தது. கழற்றிப் பார்த்தால் சார்ஜ் குத்தும் இடத்தில் பச்சையாகக் களிம்பு. வெறும் ஈரத்தைவிட, ஈரத்தோடு கரண்ட் பாய்வதுதான் உள்ளேயிருக்கும் செம்பை வேகமாக அரிக்கிறது.

உடனே ஓஃப் செய்யுங்கள். துடைத்துவிட்டு, சார்ஜ் துளை கீழே பார்க்கப் பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். அப்புறம் ஒரு நாளாவது காற்றோட்டத்தில் விடுங்கள். மூடுபனி நாளில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குள் காற்றே ஈரம்தான். அப்போது சப்பாத்துப் பெட்டியில் வரும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடும் டின்னில் வைக்கலாம். அடுப்படியில் மட்டும் வேண்டவே வேண்டாம், சூட்டில் பெட்டரி ஊதிவிடும்.