சர்க்கார் கழிவுக்கு மட்டும் தனிச் சட்டமா?

கேரளாவில, பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உங்க வீட்டு வாசல்ல பிளாஸ்டிக் கவரைக் கொளுத்திப் பாருங்க. யாராவது போட்டோ எடுத்து அனுப்புவாங்க, பஞ்சாயத்து நோட்டீஸ் வீடு தேடி வரும், ஆயிரக்கணக்கில் அபராதம். வீடு வீடா வந்து பிளாஸ்டிக் கழிவு வாங்கிட்டுப் போற ஹரித கர்ம சேனைப் பெண்களுக்கு மாசம் 50 ரூபாய் கட்டலைன்னா பஞ்சாயத்து ஆபீஸ்ல முகம் மாறும். இதெல்லாம் வேணும்னுதான் சொல்றேன். அந்த அக்காமார் இல்லைன்னா நம்ம ஓடையெல்லாம் என்னைக்கோ மூடியிருக்கும்.

என் ஆத்திரம் வேற. எங்க பக்கம் ஒரு சர்க்கார் பஸ் டிப்போ இருக்கு, பேர் வேண்டாம். பஸ் கழுவுற தண்ணி வெளியே போற வழியில ஒரு சிமெண்ட் தொட்டி. நடுவுல குறுக்குச் சுவர். எண்ணெய் மேலே நிக்கும், தண்ணி மட்டும் சுவருக்கு அடியில அந்தப் பக்கம் போகும். நல்ல ஏற்பாடு. ஆனா மேலே நிக்கிற எண்ணெயை யாராவது வழிச்சு எடுக்கணுமே! எடுக்கிறதில்லை. கிரீஸும் சேறும் கெட்டியாகி அடியில வழி அடைஞ்சு போச்சு. ஒரு மழை போதும், மொத்தமும் வழிஞ்சு வாய்க்காலுக்குப் போயிடும். தென்னந்தோப்புக்குப் பாயுற தண்ணி அது. கேட்டா, "ஃபண்டு வரலை சாரே" என்கிறார் அங்கே இருக்கிறவர். அவரைக் குத்தம் சொல்ல மனசு வரலை. கரண்டி வாங்கக்கூட அவர் மேலே எழுதிக் கேக்கணும்.

ஆழியாற்றுத் தண்ணி, ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டிஎம்சி, ஒரு சொட்டு குறையக் கூடாதுன்னு தமிழ்நாட்டோட மல்லுக்கு நிக்கிற தாலுகா இது. வந்த தண்ணியில எண்ணெய் மிதந்தா மட்டும் வாயில கொழுக்கட்டை.

2016 விதிகள்படி பழைய இன்ஜின் ஆயில் ஆபத்தான கழிவு. 90 நாளுக்கு மேல சேர்த்து வைக்கக் கூடாது, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரர்கிட்டதான் கொடுக்கணும். ரோட்டோர ஒர்க்‌ஷாப்புக்கும் சர்க்கார் டிப்போவுக்கும் இதில் வித்தியாசம் கிடையாது. காகிதத்துல.

நடப்பு என்ன? தனியார்னா பொல்யூஷன் போர்டு பூட்டுப் போடும். சர்க்கார்னா கடிதம் போடும். டிப்போவைப் பூட்ட முடியாதுங்கறது நியாயம்தான். பூட்டினா பிள்ளைங்க காலேஜுக்கு எதுல போகும்? சரி, அபராதம் போடலாம்னா அதுவும் நம்ம பணம். பிரம்மபுரம் குப்பைமேடு எரிஞ்சு எர்ணாகுளமே மூச்சுத் திணறினப்போ, 2023 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி அபராதம் விதிச்சது. புகையைக் குடிச்சவனேதான் அதுக்கு வரியும் கட்டணும்!

ஆகமொத்தம் பிடிக்க ஒரே பிடி, பொறுப்பில இருக்கிற அதிகாரி. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் அதைத்தான் செஞ்சது: அரசுத் துறை தப்பு செஞ்சா துறைத் தலைவரே குற்றவாளியாகக் கருதப்படுவார், ஐந்து வருஷம் வரை சிறைக்கு வழி இருந்தது. எத்தனை பேர் உள்ளே போனாங்கன்னு கேக்காதீங்க, ஒரு பயமாவது இருந்தது. 2023-ல ஜன் விஸ்வாஸ்னு ஒரு திருத்தச் சட்டம் வந்து, சிறைக்குப் பதிலா அபராதம்னு அதையும் தளர்த்திட்டாங்க. இப்போ தனியாருக்கு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை. துறைத் தலைவருக்கு ஒரு மாச அடிப்படைச் சம்பளம். அதுவும் தனக்குத் தெரியாம நடந்ததுன்னு நிரூபிச்சா கிடையாது. பஞ்சப்படியைக்கூடத் தொடலை, பாருங்க.

பிளாச்சிமடை நமக்குப் பக்கத்து ஊர். நிலத்தடித் தண்ணியை உறிஞ்சின கோலா கம்பெனிக்கு எதிரா 2002-ல ஆதிவாசிப் பெண்கள் பந்தல் போட்டு உக்காந்தாங்க, 2004-ல ஆலை நின்னது. எதிரி வெளியாள்னா நமக்கு ரோஷம் வருது. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலியில கொட்டப்பட்டப்போகூட, 'கேரளாவா தமிழ்நாடா'ன்னுதான் சண்டை. தீர்ப்பாயம் சொன்ன பிறகு லாரியில திரும்ப அள்ளிட்டுப் போனாங்க. அதுல அரசு சார்ந்த மருத்துவமனைக் கழிவும் இருந்ததே, கான்ட்ராக்டருக்குக் கைமாத்தினதோட பொறுப்பு தீர்ந்துடுமான்னு ரெண்டு பக்கமும் பெருசா யாரும் கேக்கலை.

நான் கேக்கப் போறேன். தகவல் உரிமை மனு, பத்து ரூபாய். டிப்போ நடத்த பொல்யூஷன் போர்டு கொடுக்கிற அனுமதி (கன்சென்ட்) எந்தத் தேதி வரைக்கும், பழைய ஆயில் யாருக்கு எத்தனை லிட்டர் போச்சு, அந்தத் தொட்டியைக் கடைசியா எப்போ சுத்தம் பண்ணினாங்க, இதுக்குப் பொறுப்பான அதிகாரியோட பதவி என்ன. நாலே கேள்வி. மலையாளத்துல எழுதின மாதிரி மனு என்கிட்ட இருக்கு. உங்க ஊர் ஆஸ்பத்திரிக்கோ சந்தைக்கோ போடணும்னா இன்பாக்ஸ்ல கேளுங்க, அனுப்பறேன்.