டீ வண்டிக்குப் பின்னால் நின்ற பெண்

பாலின் மெக்லின் என்ற ஐரிஷ் நடிகையின் பெயரைச் சொன்னால் பலருக்கும் தெரியாது. "ஃபாதர் டெட்ல டீ குடிக்கச் சொல்லிப் படுத்துமே, அந்தக் கிழவி" என்றால் உடனே முகம் மலரும். எனக்கும் அப்படித்தான் அறிமுகம். ஆனால் அந்தக் கிழவி திரைக்கு வந்த 1995 ஏப்ரலில் அவருக்கு வயது 32. இது தெரிந்த அன்று அதே காட்சிகளை மறுபடி போட்டுப் பார்த்தேன். முகத்தில் ஒட்டிய மச்சமும் கம்பளிச் சட்டையும் பாதி வேலையைத்தான் செய்கின்றன. மீதி எல்லாம் தோள். யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்று எந்நேரமும் காத்திருக்கிற தோள்.

'ஃபாதர் டெட்' என்ற அந்த டிவி நகைச்சுவைத் தொடர் தெரியாதவர்களுக்கு: அயர்லாந்தின் மேற்கே ஒரு கற்பனைத் தீவு. மேலிடம் கைகழுவி அங்கே தள்ளிவிட்ட மூன்று கத்தோலிக்கப் பாதிரியார்கள். அவர்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மிஸஸ் டாய்ல், அதாவது மெக்லின் நடித்த அந்தக் கிழவி. பிரிட்டனின் சேனல் 4இல் 1998 வரை மொத்தமே 25 பகுதிகள்தான் வந்தன. வேண்டாம் என்றவரிடமும், போதும் போதும் என்று கையை மறித்தவரிடமும் விடாமல் கோப்பையை நீட்டுவதுதான் மிஸஸ் டாய்லின் பிழைப்பு. ஒரு பகுதியில் தோழியோடு டீக்கடைக்குப் போவார். பில்லை நான்தான் கொடுப்பேன், நீ கொடுக்காதே என்று தொடங்கும் உபசாரம் கைகலப்பாகி, போலீஸ் ஸ்டேஷனில் போய் முடியும்.

இதைவிட எனக்குப் பிடித்தது கிறிஸ்துமஸ் பகுதி. டீ போடும் மிஷின் வருகிறது. இனி அவஸ்தையே இல்லை என்கிறார்கள். அந்த அவஸ்தை எனக்குப் பிடித்திருந்தால் என்ன செய்வீர்கள் என்ற பொருளில் மிஸஸ் டாய்லிடமிருந்து ஒரே ஒரு வரி பதிலாக வரும். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் அது. எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்தது. காலம் முழுக்கச் செய்த ஒரே வேலையையும் பிடுங்கிவிட்டால் இந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டில் நிற்க இடம் ஏது? அந்தக் கலக்கத்தையும் சேர்த்து நடித்ததால்தான் சிரிப்பு நிற்கிறது. 1996இல் மெக்லினுக்கு பிரிட்டிஷ் காமெடி விருது கிடைத்தது. கொடுக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அவர் திடீரென்று முளைத்தவரும் இல்லை. ஸ்லைகோவில் பிறந்து, கால்வேயில் வளர்ந்து, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் கலை வரலாறும் ஆங்கிலமும் படித்தவர். நாடக மேடையில் பழகியவர். எண்பதுகளின் கடைசியில் ஐரிஷ் வானொலியில் வந்த 'ஸ்கிராப் சாட்டர்டே' என்ற அரசியல் நையாண்டியில் டெர்மட் மார்கனோடு குரல் கொடுத்தவர். அந்த மார்கன்தான் பின்னாளில் தொடரின் நாயகன் ஃபாதர் டெட். கடைசிப் பகுதியின் படப்பிடிப்பு முடிந்த மறுநாள், 1998 பிப்ரவரி 28, மாரடைப்பில் இறந்துபோனார். வயது 45.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஒரே வேடத்தில் சிக்கிக்கொண்ட பாவப்பட்ட நடிகை என்று இவரைப் பற்றி எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. யார் சிக்கியது? நாம்தான் அந்த டீ வண்டியைத் தாண்டிப் பார்க்கவில்லை. அவர் 2000இலேயே நாவலாசிரியர்.

முதல் நாவலின் நாயகி லியோ ஸ்ட்ரீட், டப்ளினில் துப்பறியும் பெண். மனைவிக்குத் துரோகம் செய்வதாகச் சந்தேகிக்கப்படும் ஒருவனைப் பின்தொடர்ந்து, கில்டேரில் நடக்கும் சமையல் வகுப்புக்குப் போகிறாள். அவளுக்கோ சமையல் சுட்டுப்போட்டாலும் வராது! ஊருக்கே ஊட்டிவிட்ட கிழவியாக நடித்தவர் பேனாவை எடுத்ததும் முதலில் படைத்தது அடுப்படி தெரியாத ஒருத்தியை. மிஸஸ் டாய்ல் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறவர். லியோ தெருவில் இறங்கி அடுத்தவர் வீட்டை வேவு பார்க்கிறவள். இது தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை. லியோவை வைத்து மட்டும் மூன்று நாவல்கள் வந்தன.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தொடரின் முதல் வருடத்தில் ஒரு பெண் நாவலாசிரியர் அந்தத் தீவுக்கு வருவார். இந்தக் காலத்து நாவல்களில் கெட்ட வார்த்தை தாங்கவில்லை என்று அவரிடம் புலம்பியபடியே, அத்தனை கெட்ட வார்த்தைகளையும் ஒன்று விடாமல் ஒப்பிப்பார் மிஸஸ் டாய்ல். ஐந்து வருடம் கழித்து நாவலோடு வந்து நின்றது அதே வாய்.

நடிகர்கள் எழுதினால் 'பிரபலம் எழுதிய புத்தகம்' என்று தனி அலமாரியில் தள்ளிவிடுகிறோம். ஒன்றோடு நிறுத்தியிருந்தால் அது சரி. இவர் 2012க்குள் பத்தை நெருங்கிவிட்டார். ஒன்றில் நினைவு அழிந்துகொண்டிருக்கும் தாயோடு மகள் வாழும் வாழ்க்கை. மற்றொன்று பதின்வயதுப் பிள்ளைகளுக்கானது, பின்னல் ஊசியும் நூலுமாக. எல்லாமே உன்னதம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். வெகுஜன வாசிப்புக்கு எழுதியவர், அதை மறைக்கவும் இல்லை. ஆனால் பேச்சைக் காதில் வாங்கி எழுதத் தெரிந்தவர். நகைச்சுவை நடிகர்களுக்கே உரிய காது அது.

எழுத வந்ததால் நடிப்பை விட்டுவிடவும் இல்லை. ஆலன் பார்க்கர் இயக்கிய 'ஏஞ்சலாஸ் ஆஷஸ்' படத்தில் ஆகி என்ற பெரியம்மாவாக வந்தார். 'ஷேம்லெஸ்' தொடரில் நூலகர் வேடம், 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில் இவோன் காட்டன் என்ற வேடம். அவர் பெயரைத் தேடினால் இன்னமும் முதலில் வருவது டீ கோப்பைதான்.

2011இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், ஐரிஷ் நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டின் 'ஹாப்பி டேஸ்' நாடகத்தில் வின்னியாக நடித்தார். மண்மேட்டில் இடுப்புவரை புதைந்த பெண். மணி அடித்தால் விழிக்க வேண்டும். கைப்பையைத் துழாவி டூத் பிரஷ்ஷை எடுத்து, இன்றைக்கும் நல்ல நாள்தான் என்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நான் நேரில் பார்க்கவில்லை, அந்த ஆதங்கம் இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் மண் கழுத்துக்கு ஏறிவிடும். தலையைத் திருப்ப முடியாது, கை கிடையாது, மிஸஸ் டாய்லை உருவாக்கிய அந்தத் தோளும் கிடையாது. மிச்சம் இருப்பது கண்ணும் வாயும் மட்டும்தான்.