காசில்லாம எடுத்த ஜாம்பி படங்களும் நானும்

முகூர்த்த சீசன்ல எங்க எடிட்டிங் ரூம்ல ராத்திரி ரெண்டு மணிக்கு மேல கைக்கு வேல இருக்காது, ஆனா தூங்கவும் முடியாது, எடிட் பண்ண மூணு மணி நேர கல்யாண வீடியோவ கம்ப்யூட்டர் ஒரே ஃபைலா ஆக்குறதுக்கு ரெண்டர் போட்டுட்டு அது முடியுற வரைக்கும் காவல் இருக்கணும், நடுவுல கரண்ட் போச்சுன்னா மறுபடி மொதல்லேர்ந்து. அந்த நேரத்துல பக்கத்து லேப்டாப்புல ஹெட்போன் மாட்டிட்டு நான் பாக்குறது ஜாம்பி படம், செத்தவங்க எந்திரிச்சு மனுஷங்களக் கடிச்சுத் திங்க வருவாங்களே அது. பெரிய கம்பெனி படம் இல்ல, எங்கயோ ஒரு சின்ன ஊர்ல நாலு ப்ரெண்ட்ஸ் சேந்து சனி ஞாயிறு லீவுல எடுத்த மாதிரி இருக்குமே, அந்தப் படங்க. இத்தன வருஷத்துல நூறுக்கு மேல பாத்திருப்பேன். கூட வேல பாக்குறவங்க "அந்தக் குப்பையில என்னடா இருக்கு"ன்னு கேட்டுட்டே இருக்காங்க, வாயால சொன்னா ரெண்டு நிமிஷத்துல பேச்ச மாத்திடுறாங்க, அதான் எழுதிடுறேன். நீளமாத்தான் போகும்.

மொதல்ல ஒண்ணு. மத்த எந்தப் பயங்கரத்துக்கும் காசு வேணும். டைனோசர்னா கிராபிக்ஸ், ஏலியன்னா கிராபிக்ஸ், பேய்னா கூட கயிறு கட்டித் தூக்கணும் வீட்டுச் சாமானெல்லாம் பறக்கணும். ஜாம்பிக்கு ஒண்ணுமே வேணாம், பக்கத்து வீட்டு அண்ணனக் கூப்ட்டு கிழிஞ்ச சட்டையப் போட்டு மூஞ்சில கொஞ்சம் மாவ அப்பி "மெதுவா நடந்து வாங்கண்ணே"ன்னா முடிஞ்சுது. அவருக்கு நடிக்கத் தெரியாதது கூட அங்க பலம்தான், கேமரா பழக்கமில்லாத ஆளு கையக் கால எங்க வெக்கிறதுன்னு தெரியாம நடப்பாரு பாருங்க, அந்த நடைய எந்த ஆக்டராலயும் கொண்டுவர முடியாது, கல்யாண வீடியோவுல தினமும் பாக்குறவன் சொல்றேன்.

இன்னொண்ணு, நம்ம பேய்ப்படத்துல பேய்க்கு ஒரு ப்ளாஷ்பேக் இருக்கும். யாரோ கொன்னுருப்பாங்க, நெலத்தப் புடுங்கியிருப்பாங்க, அது நியாயம் கேட்டு வரும், நியாயம் கெடச்சா போயிரும், நடுவுல பூசாரி இருக்காரு எலுமிச்சம்பழம் இருக்கு. ஜாம்பிகிட்ட இந்தப் பேச்சுவார்த்தையே கெடையாது. நேத்து வரைக்கும் கூட உக்காந்து சாப்ட்ட தம்பி இன்னைக்கு வெளிய நின்னு கதவத் தட்டுறான், அவனுக்கு உங்க மேல கோவம் கூட இல்ல, வெறும் பசி. இந்தப் பயத்தக் காட்ட ஒரு கதவும் அந்தப் பக்கம் ஒரு கையும் இருந்தாப் போதும்.

இத மொதல்ல புரிஞ்சுகிட்டவங்க அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல விளம்பரப் படம் எடுத்துட்டிருந்த ஒரு சின்ன கூட்டம். 1968ல வந்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்', டைரக்டர் ஜார்ஜ் ரொமேரோ. ஆரம்பத்துல 10 பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டாங்க, அப்புறம் அங்க இங்க பொரட்டி மொத்தம் 1,14,000 டாலர் கிட்ட வந்துச்சு. ஷூட்டிங் எடுத்தது இடிக்கப் போற ஒரு பழைய பண்ணை வீட்ல, அதனால சுவத்துல எங்க வேணா ஆணி அடிக்கலாம் கண்ணாடிய ஒடைக்கலாம் யாரும் கேக்க மாட்டாங்க. கருப்பு வெள்ளப் படம்ங்கறதால ரத்தத்துக்கு சாக்லேட் சிரப். நடிச்சவங்கள்ல ஒருத்தருக்கு கறிக்கடை இருந்துச்சு, ஜாம்பிங்க கடிச்சுத் திங்கிற குடல் அங்கேர்ந்து வந்துச்சு. மியூசிக் போடக் காசில்ல, ரெடிமேடா இருந்த ஸ்டாக் மியூசிக்க எடுத்து ஒட்டுனாங்க. ஹாரின்னு ஒரு சிடுமூஞ்சி அப்பாவா வர்ற கார்ல் ஹார்ட்மேன் தான் தயாரிப்பாளர்கள்லயும் ஒருத்தர், படத்துல அவரு பொண்ணா வர்றது நெஜத்துலயும் அவரு பொண்ணுதான். அதுல ஓடுற கார் இன்னொரு தயாரிப்பாளரோட அம்மாவுது. ஷூட்டிங் நடந்துட்டிருக்கும்போதே அந்தக் கார்ல யாரோ இடிச்சு நெளிச்சுட்டாங்க, சரி பண்றதுக்குப் பதிலா கதாநாயகி பார்பரா அந்தக் காரோட போய் மரத்துல மோதுற மாதிரி கதைய மாத்திட்டாங்க. ஒரு எடிட்டரா எனக்கு இந்த ஒரு விஷயம் போதும் அந்தக் கூட்டத்துக்குக் கும்பிடு போட, ஷாட்டுக்கு ஷாட் பொருந்தாமப் போற கண்டினியூட்டி மிஸ்டேக்க அப்படியே சீனாக்கிட்டாங்க.

ஊரே நாடே ஜாம்பியாயிருச்சுன்னு எப்படிக் காட்டுறது? இன்னைக்கு ஒரு பெரிய படம்னா ஹெலிகாப்டர் ஷாட் வெக்கும். இவங்க வெச்சது ஒரு ரேடியோ, ஒரு டிவி. நியூஸ் வாசிக்கிற ஒரு ஆளு, பின்னாடி பேப்பர எடுத்துட்டு அங்கயும் இங்கயும் நடக்குற நாலு பேரு, அவ்ளோதான், நமக்கு அமெரிக்காவே பத்தி எரியுற மாதிரி இருக்கு.

ஆனா அந்தப் படம் நிக்கிறது இதனால எல்லாம் இல்ல, உள்ள அடைபட்டுக் கெடக்குற ஏழு பேரு போடுற சண்டையால. ஹீரோ பென்னு சொல்றான் மேலயே இருப்போம், ஜன்னலுக்கெல்லாம் பலகை அடிப்போம், வழி இருக்கும்னு. ஹாரி சொல்றாரு வீட்டுக்கு அடியில இருக்குற நிலவறைக்குப் போய் கதவச் சாத்திக்குவோம், ஒரே ஒரு கதவக் காத்தாப் போதும்னு. ஹாரி பேசுற விதம் நமக்குப் பிடிக்காது, கோழை, கத்துவாரு, அதனால நாம பென் பக்கம் நிப்போம். கடைசில என்ன ஆகுதுன்னா பென்னு உயிரோட விடியுறதே அந்த நிலவறைக்குள்ள பூந்ததாலதான். பிடிக்காத மனுஷன் சொன்னதுதான் சரி. படத்துல இத யாரும் வாய்விட்டு சொல்லல, எனக்கே ரெண்டாவது தடவ பாக்கும்போதுதான் ஒறச்சுது. அந்த ஒரு யோசனைக்கு எத்தன டாலர் செலவாகியிருக்கும்? ஒண்ணும் ஆகியிருக்காது.

அந்தப் படத்துல குறையே இல்லன்னு நான் சொல்லல. பார்பரா பாதிப் படம் சோபாவுல பேச்சில்லாம உக்காந்திருப்பா, அத எழுதுனவங்க சோம்பேறித்தனம்னுதான் நான் சொல்வேன், 1990ல டாம் சவினி டைரக்ஷன்ல மறுபடி எடுத்தப்போ ரொமேரோவே திரைக்கதையில அவள துப்பாக்கி எடுத்து சண்ட போடுறவளா மாத்துனாரு. செத்தவங்க எந்திரிக்கிறதுக்கு வீனஸ் போன ராக்கெட், ரேடியேஷன்னு ஒரு காரணம் சொல்றதும் தேவையே இல்ல. இன்னொரு பெரிய தப்பு படத்துக்கு வெளிய நடந்துச்சு, விநியோகம் பண்ணவங்க படத்தோட பேர மாத்துனப்போ காப்பிரைட் வரிய மறுபடி போடாம விட்டுட்டாங்க, அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி அந்த வரி இல்லன்னா உரிமையே இல்ல, படம் பொதுச்சொத்தாயிடுச்சு. யார் வேணா போட்டுக் காட்டலாம் விக்கலாம், எடுத்தவங்களுக்கு வரவேண்டியது வரல. அத நெனச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியுது.

சரி, இப்போ நான் ராத்திரில பாக்குற படங்களுக்கு வரேன். நூத்துல தொண்ணூறு மோசம்தான், ஒத்துக்குறேன். ஆனா காசில்லாததால மோசம்னு எல்லாரும் சொல்றாங்களே, அதத்தான் நான் ஒத்துக்க மாட்டேன்.

நான் ஹெட்போன்ல பாக்குறவன், அதனால மொதல்ல மாட்றது சவுண்டு. ஒரு படத்துல ரெண்டு பேரு கிச்சன்ல பேசிட்டிருக்காங்க, அவன் பேசுற ஷாட்டுல பின்னாடி ப்ரிட்ஜ் "ம்ம்ம்"ன்னு ஓடுது, அவ பேசுற ஷாட்டுல ப்ரிட்ஜ் சத்தம் கட், மறுபடி அவன், மறுபடி "ம்ம்ம்". ஊர்ல கரண்டே இல்லன்னு அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் சொன்னாங்க. ஷூட்டிங் அன்னைக்கு ப்ரிட்ஜ் ஸ்விட்ச ஆஃப் பண்ணியிருந்தா முடிஞ்சிருக்கும், அதுக்கு எவ்ளோ காசு? யாரும் பேசாம அந்த ரூமோட சத்தத்த மட்டும் ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்தா எடிட்ல அடியில ஓடவிட்டு சமாளிச்சிருக்கலாம், நாங்க மண்டபத்துலயே அதப் பண்றோம். படம் கொஞ்சம் மங்கலா இருந்தா ஜனங்க பொறுத்துக்குவாங்க, சத்தம் கொடஞ்சா பத்து நிமிஷத்துல எந்திரிச்சுப் போயிடுவாங்க.

ரத்தம் ரெண்டாவது. சட்டையில சிரப்ப ஊத்துறத விட்டுட்டு கம்ப்யூட்டர்ல ரத்தம் தெறிக்க வெக்கிறாங்க, காத்துல சிவப்பா ஒண்ணு பறக்குது, தரையத் தொடுறதுக்குள்ள காணாமப் போயிடுது, பக்கத்துல நிக்கிறவன் வெள்ள பனியன்ல ஒரு சொட்டு இல்ல. சிரப் பிசுபிசுன்னு ஒட்டும், ஈ மொய்க்கும், நடிக்கிறவன் மூஞ்சி தன்னால சுளிக்கும், அந்த சுளிப்பத்தான நாம பாக்க வந்தோம்.

அப்புறம் போஸ்டர். எரியுற ஊரு, ஆயிரம் ஜாம்பி, மேல ரெண்டு ஹெலிகாப்டர். உள்ள பாத்தா ஒரு காடு, எட்டு ஜாம்பி, அதுலயும் ஒரே பச்ச சட்டைக்காரரு மூணு தடவ சாவாரு. எட்டு பேர வெச்சு எடுத்ததுல எனக்கு வருத்தமே இல்ல, எட்டு பேர வெச்சு எடுத்தேன்னு தைரியமா சொல்லாம பாக்க வர்றவன ஏமாத்துறதுதான் கோவம் வருது. ஏமாந்தவன் அடுத்த தடவ நல்ல சின்னப் படம் வந்தாலும் தொட மாட்டான்.

காசில்லாமலும் நேர்மையா எடுக்கலாம்னு காட்டுன ஆளுங்க இருக்காங்க. பிரிட்டன்ல மார்க் ப்ரைஸ்னு ஒருத்தர் 'காலின்'னு 2008ல ஒரு படம் எடுத்தாரு, செலவு 45 பவுண்டுன்னு அவரே சொன்னாரு, அடுத்த வருஷம் கான் திரைப்பட விழா வரைக்கும் போச்சு. கத முழுக்க ஜாம்பி ஆயிட்ட பையன் பக்கத்துலேர்ந்து நடக்கும். சண்டை சீனெல்லாம் கேமரா ஆடி ஆடி எனக்கு ஒண்ணும் புரியல, அது குறதான், ஆனா மனுஷனா இருந்தவன் மறந்துபோன மூஞ்சியோட தெருவுல நடந்து போற எடமெல்லாம் நெஞ்சுல நிக்குது. 2002ல வந்த '28 டேஸ் லேட்டர்' சின்னப் படம்னு சொல்ல முடியாது, 80 லட்சம் டாலர், ஆனா டேனி பாய்ல் அத முக்கால்வாசி எடுத்தது கேனான் எக்ஸ்எல்1 வீடியோ கேமராவுல, மினிடிவி (MiniDV)ங்கற சின்ன வீடியோ டேப்புல. அதே மாதிரி டேப்புலதான் அந்த வருஷங்கள்ல நம்ம ஊர்க் கல்யாணமும் ஓடுச்சு. சின்ன கேமராங்கறதால விடியக்காலைல மளமளன்னு வெச்சு ஆளில்லாத லண்டன எடுத்துட்டு, ட்ராபிக் வர்றதுக்குள்ள சுருட்டிட்டுப் போக முடிஞ்சுது.

எல்லாத்துக்கும் மேல எனக்கு ஜப்பான்ல வந்த 'ஒன் கட் ஆஃப் த டெட்'. பாக்காதவங்க இந்த ஒரு பாராவத் தாண்டிப் போயிடுங்க, ப்ளீஸ். 2017, டைரக்டர் ஷினிசிரோ உவேதா, ஒரு நடிப்புப் பள்ளியோட வொர்க்‌ஷாப்ல எடுத்தது, முன்னப் பின்ன தெரியாத முகங்க, பட்ஜெட் 30 லட்சம் யென், நம்ம காசுக்கு அப்போ 18 லட்சம் கிட்ட. மொதல் 37 நிமிஷம் கட்டே இல்லாத ஒரே ஷாட், பாத்தா அவ்ளோ மட்டமா இருக்கும், தேவையில்லாத எடத்துல பேசாம நிப்பாங்க, சம்பந்தமில்லாம ஏதோ பேசுவாங்க, கேமரா தரையில விழுந்து கெடக்கும். நானே மொதல் தடவ பாதில நிறுத்திட்டேன், அப்புறம் ஒரு ப்ரெண்ட் சண்ட போட்டுப் பாக்க வெச்சான். பின்பாதில அதே 37 நிமிஷத்த கேமராவுக்குப் பின்னாடிலேர்ந்து காட்டுறாங்க. ஒவ்வொரு தடுமாத்தத்துக்கும் பின்னாடி ஒரு காரணம், ஒரு மனுஷன், ஒரு ஓட்டம். மேலேர்ந்து எடுக்க வேண்டிய கடைசி டாப் ஷாட்டுக்கு வெச்சிருந்த க்ரேன் ஒடஞ்சு போச்சு, அதுக்காக எல்லாரும் ஒருத்தர் முதுகுல ஒருத்தர் ஏறி மனுஷக் கோபுரம் கட்டுறாங்க. நான் அழுதுட்டேன். நடுராத்திரி, ரெண்டர் 60 பெர்சன்ட்ல நிக்குது, நான் ஜாம்பி படம் பாத்து அழுதுட்டிருக்கேன். ஜப்பான்ல அந்தப் படம் 300 கோடி யென்னுக்கு மேல எடுத்துச்சு.

அதப் பாத்ததுலேர்ந்து எந்த மோசமான படத்தையும் என்னால பத்து நிமிஷத்துல நிறுத்த முடியல. அந்தப் பச்ச சட்டைக்காரரு மூணாவது தடவ சாகுறப்போ கூட, ஒரு லீவு நாள விட்டுட்டு ப்ரெண்டுக்காக வந்து மண்ணுல பொரண்டுட்டிருக்காருன்னு தான் தோணுது. டைரக்டர் அவருக்கு ஒரு நல்ல சீன் எழுதிக் குடுத்திருக்கலாம், அதுதான் என் ஆதங்கமே.

அப்பப்போ இன்பாக்ஸ்ல தம்பிங்க வந்து "அண்ணே ஒரு ஜாம்பி ஷார்ட் ஃபிலிம் பண்றோம், எந்த கேமரா வாடகைக்கு எடுக்கலாம்"னு கேக்குறாங்க. கையில இருக்குற போன் போதும்பா. அந்தக் காசுல ரெண்டு காலர் மைக் எடுங்க, ஷூட்டிங் நடக்குற வீட்ல ஃபேன், ப்ரிட்ஜ், மோட்டார் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க எதுக்கு ஒருத்தர ஒருத்தர் நம்ப மாட்டேங்குறாங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிட்டு வாங்க. அந்த ரெண்டு பக்கம் நல்லா இருந்துச்சுன்னா எடிட்டிங் நான் பண்ணித் தரேன், காசு வேணாம், ஆனா முகூர்த்த நாள் பாத்து வராதீங்க.