மீனில் நெளிந்த புழு: கடைக்காரரைத் திட்டும் முன்

“தாராவியில் காலையில் வாங்கிய மீனில் ஒரு மணி நேரத்துக்குள் புழு நெளிந்தது, ஈ முட்டை பொரியவே அரை நாள் ஆகும், ஆகவே பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்” என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். அங்கே கண்ட பெரிய ஈயின் படத்தையும் போட்டு, அது வளர்ந்த வீட்டு ஈதான் என்கிறார். அவசரத் தீர்ப்பு. அந்தக் கணக்கு வீட்டு ஈக்குப் பொருந்தும். சதை ஈயோ முட்டையைத் தன் வயிற்றுக்குள்ளேயே பொரியவிட்டு, உயிருள்ள புழுக்களாகவே இறக்கிவிடும். மூடாத பாத்திரம் கிடைத்தால் சில நிமிடம் போதும். மழைக்கால மும்பையில் கேட்கவே வேண்டாம். (மீன் புதியதுதான் என்று நான் சான்றிதழ் தரவில்லை. அதற்குச் செவுளைப் பார்த்திருக்க வேண்டும்.)

“வளர்ந்த வீட்டு ஈதான்” என்பதும் தவறு. சிறகோடு வெளிவந்த ஈ அதன்பின் பெரிதாக வளராது. அவர் போட்ட படத்தையே பெரிதாக்கிப் பாருங்கள்: சாம்பல் முதுகில் மூன்று கருங்கோடுகள், வயிற்றில் சதுரங்கக் கட்டங்கள், சிவந்த கண்கள். வீட்டு ஈக்குக் கோடுகள் நான்கு. இது சதை ஈ, சார்கோபாகிடே குடும்பம். வீட்டு ஈ மஸ்கிடே. பச்சையாக மின்னும் ஈக்கள் பெரும்பாலும் கலிஃபோரிடே.

சதை ஈக்கள் எல்லாமே அழுகலைத் தேடுபவையும் அல்ல. மில்டோகிராமினே துணைக்குடும்பத்தில் பலவற்றின் புழுக்கள், தனித்து வாழும் குளவிகள் தம் குஞ்சுகளுக்குச் சேர்த்துவைத்த இரையைத் திருடித் தின்றே வளர்கின்றன.