மஞ்சப்பை சரி, சாம்பார் எதுல?

தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-லேர்ந்து 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை. நல்லதுதான், நானும் மஞ்சப்பையோடதான் கடைக்குப் போறேன். ஆனா இட்லி பார்சல் சொன்னா என்ன வருது? இலைக்கு அடியில பிளாஸ்டிக் தாள், சாம்பாருக்கு ஒரு கவர், சட்னிக்கு ரெண்டு குட்டிக் கவர். ஹோட்டல்காரர் கொதிக்கிற சாம்பாரைக் கவர்ல ஊத்தி, ஒரு சுழட்டு சுழட்டி, நூலால முடிச்சும் போட்டுட்டு, "பை கொண்டாரலையா சார்? கவர் தடை பண்ணிட்டாங்களே"ன்னு நம்மகிட்டயே கேக்குறாரு! தூக்குவாளியை நீட்டினா, "அளவு தெரியாதே சார்"னு முழிக்கிறாரு.

டீக்கடையில பேப்பர் கப்பாம். உள்ள பிளாஸ்டிக் பூச்சு, அதுவும் அதே பட்டியல்ல இருக்கு. துணிக்கடையில துணி மாதிரியே ஒரு பை தர்றாங்களே, நான்-ஓவன், அதாவது நெய்யாத பை, அதுவும் பாலிப்ரொப்பிலீன்ங்கிற பிளாஸ்டிக்தான். அதுக்கும் தடைதான். யார் சொன்னாங்க நமக்கு?

போதாக்குறைக்கு, மத்திய அரசு விதிப்படி 120 மைக்ரான் தடிமன் இருந்தா கேரி பேக் செல்லும். இங்க எந்தத் தடிமனா இருந்தாலும் கூடாது. எது செல்லும், எது செல்லாதுன்னு தடிமன் அளந்து பாக்க பூக்காரம்மா என்ன, மைக்ரோமீட்டரா வச்சிருக்காங்க? ஆனா அபராதம் போட வர்றவங்க கண்ணுல முதல்ல படுறது அவங்க கூடைதான்.